கடைசி பெஞ்சுக்கு ஒரு அட்டை

வகுப்பறையில் வாத்தியார் கேட்கும் கேள்விகளிலேயே சுத்தமாகப் பிரயோஜனமில்லாதது, "புரிஞ்சுதா?". பதில் முன்கூட்டியே தயார்: "புரிஞ்சுது சார்!" கோரஸாக, ராகத்தோடு. ஆபீஸ் மீட்டிங்கில் மானேஜர் "எனி டவுட்ஸ்?" என்றதும் எல்லோரும் டக்கென்று நோட்டை மூடுகிறீர்களே, அந்தப் பயிற்சி ஆரம்பமானது அங்கேதான்.

நிஜமான கேள்வி கேட்டால் முன் பெஞ்சில் மூன்று கைகள் உயரும். வருஷம் பூரா அதே மூன்று கைகள். மற்ற முப்பத்தேழு பேர் என்ன நினைக்கிறார்கள் என்பது பரீட்சை பேப்பர் திருத்தும்போதுதான் தெரியும். அதற்குள் வாத்தியார் நாலு பாடம் தாண்டியிருப்பார்.

இது நம்மூர் வியாதி மட்டுமில்லை. ஹார்வர்டில் எரிக் மாஸூர் என்ற பௌதிகப் பேராசிரியர், சூத்திரமே தேவைப்படாத எளிய கேள்விகள் சிலவற்றைத் தன் மாணவர்களிடம் கொடுத்தார். ஒருவர் கேட்டாராம்: இதுக்கு நீங்க சொல்லிக் கொடுத்தபடி பதில் எழுதணுமா, இல்லை நான் நிஜமா நினைக்கிறபடியா?

மனுஷர் ஆடிப்போய்விட்டார். 1991-லிருந்து லெக்சரைக் குறைத்து, முறையையே மாற்றினார். ஒரு கேள்வி. எல்லோரும் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கணும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போட்டு, மறுபடி தேர்ந்தெடுக்கணும். நம் பள்ளியில் பேசினால் பெஞ்ச் மேல் ஏற்றுவார்கள். அங்கே பேசாவிட்டால்தான் தப்பு. பிற்பாடு விடை சொல்வதற்கு ஆளுக்கொரு எலெக்ட்ரானிக் கருவி வந்தது.

ஹார்வர்டுக்குக் கட்டுப்படியாகும். நாற்பது பேருக்கு ஒரு டியூப் லைட் இருக்கும் பள்ளிக்கு?

அதற்கு இருக்கிறது பிளிக்கர்ஸ். ஆளுக்கொரு காகித அட்டை. அதில் கியூஆர் கோடுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு கறுப்புக் கட்ட வடிவம். நாலு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. தன் விடை மேலே வரும்படி மாணவன் அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டியது. வாத்தியார் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால், யார் என்ன சொன்னார்கள் என்று ஸ்க்ரீனில் வந்துவிடும். வகுப்புக்கே ஒரு போன் போதும். அட்டைகளை இலவசமாக இறக்கி பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அட்டையிலும் வேறு வேறு வடிவம் என்பதால் எட்டிப் பார்த்துக் காப்பியடிப்பதும் சிரமம்!

சரக்கு தீர்ந்துவிடவில்லை. 2001-ல் பௌதிக நோபல் பெற்ற கார்ல் வீமன், 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது ஃபெட். கம்ப்யூட்டர் திரையில் பாட்டரி, பல்பு, ஒயர் எல்லாம் வைத்து இஷ்டத்துக்கு சர்க்யூட் போடலாம். தப்பாக இணைத்தால் பாட்டரி தீப்பிடிக்கும், திரையில்தான். பூட்டிய லாப் பீரோவின் சாவியைத் தேட வேண்டாம். கணக்குக்கு ஜியோஜீப்ரா. சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-ல் தொடங்கியது. முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுங்கள். கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டுத்தொகை மட்டும் 180-ஐ விட்டு நகராது. பையன் வாய்க்குள்ளேயே "அட!" என்பான். அந்த "அட"வுக்குத்தான் இத்தனை பாடும். வகுப்பறைக்கு இரண்டும் இலவசம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பள்ளிகள் பத்தே வருஷத்தில் அடியோடு மாறிவிடும், சினிமாவே பாடம் நடத்தும் என்று எடிசன் சொன்னது 1913-ல். சினிமா வந்தது, ரேடியோ வந்தது, டி.வி. வந்தது, 1975-76ல் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு சாட்டிலைட் வழியாகவே நிகழ்ச்சி வந்தது. 2018-ல் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடும் வந்தாச்சு. எல்லாம் நல்லதே. கரும்பலகையில் எழுதியதையே ஸ்மார்ட் போர்டில் எழுதினால் மட்டும் அது விலை உயர்ந்த கரும்பலகை, அவ்வளவுதான். சாக்பீஸ் தூள் மிச்சம்.

எந்தக் கருவிக்கும் ஒரே பரீட்சை: அது வந்த பிறகு மூளையை அதிகம் கசக்குவது யார், வாத்தியாரா, மாணவனா?

உங்கள் மனைவியோ, அக்காவோ, ரூம்மேட்டோ டீச்சராக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொடுங்கள். போன்கூட வேண்டாம், விடைக்கு ஏற்ப ஒன்றிலிருந்து நாலு வரை விரல்களை நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொன்னால் போதும், பக்கத்துப் பையனுக்குத் தெரியாது. "நமக்கு கணக்கு வராது" என்று ஒரு பையன் ஆறாம் கிளாஸிலேயே முடிவு கட்டிக்கொண்டு, பத்தாவது வரை யாருக்கும் தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவனை யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவன் காட்டுவது தப்பு விடையாகவே இருக்கட்டும். அதிலிருந்து பாடத்தை ஆரம்பிக்கலாமே!