பார்வதி சிலையும் எலியும் செவ்வகமும்

"நம்ம சோழ சிற்பிங்க அன்னிக்கே மூளை விஞ்ஞானம் தெரிஞ்சு வெச்சிருந்தாங்க!" எங்க டெல்லித் தமிழ் வாட்ஸப் குழுவில மாசம் ஒரு தடவையாவது இந்த ஃபார்வர்ட் வந்துடுது. கீழே வரிசையா கைகூப்பு வேற. எனக்குப் பத்திக்கிட்டு வருது.

மூலம் வி.எஸ்.ராமச்சந்திரன். தமிழ்நாட்டில பிறந்து அமெரிக்காவில பெயர் வாங்கின நரம்பியல் ஆராய்ச்சியாளர். 1999-ல வில்லியம் ஹிர்ஸ்டைனோட சேர்ந்து, கலையை நாம ரசிக்கிறதுக்கு எட்டு விதிகள்னு ஒரு கட்டுரை எழுதினார். அதில முக்கியமானது 'பீக் ஷிஃப்ட்'. சதுரத்தை விட்டுட்டு செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்தா தீனின்னு ஒரு எலியைப் பழக்குங்க. அப்புறம் இன்னும் நீளமான செவ்வகத்தைக் காட்டினா, பழகினதை விட அதுக்குத்தான் ஜாஸ்தி ஓடும். சோழர் கால பார்வதி வெண்கலச் சிலையில இடையும் மார்பும் மிகையா இருக்கே, அதுவும் இதே கணக்குதான்ங்கறார். இந்தியச் சிலைகளைக் கொச்சைன்னு ஒதுக்கின அந்தக் கால வெள்ளைக்காரங்களுக்குப் பதில் சொன்னார், அதுக்கு சபாஷ்.

ஆனா ஐயா, அந்த இடையை யார் பார்த்தா?

இதெல்லாம் உற்சவர். அபிஷேக நேரம் போக, பட்டு, நகை, மாலைன்னு மூடியிருக்கும். வீதியுலாவில ஜனம் பார்த்தது முகமும் கொஞ்சம் கையும்தான், அதுவும் தீவட்டி வெளிச்சத்தில, ஆடி ஆடி வர்றப்போ. அப்புறம் ஏன் உடம்பை அவ்வளவு பார்த்துப் பார்த்து வடிச்சாங்கன்னா, சிற்பிக்குத் தாள அளவுன்னு ஒரு மரபு இருக்கு. யார் கண்ணில படாட்டியும் அம்மன் முழுசா அமையணும். பார்த்ததும் கன்னத்தில போட்டுக்கிட்ட பாட்டியை எலிக்கணக்கில எப்படிச் சேர்ப்பீங்க?

பார்வை விஞ்ஞானமே தண்டம்னு சொல்ல வரலை. மார்கரெட் லிவிங்ஸ்டன் 2000-ல மோனாலிசா சிரிப்புக்குச் சொன்ன விளக்கம் அருமை. உதட்டை நேரா பார்த்தா சிரிப்பு மங்கும், கண்ணைப் பார்த்தா தெரியும். ஓரப்பார்வைக்கு நுணுக்கம் பிடிபடாது, பெரிய நிழல்தான் பிடிபடும். சிரிப்பு அந்த நிழலில இருக்கு. படத்தை வெச்சு நீங்களே செஞ்சு பார்க்கலாம். எடுத்துக்கிட்டது ஒரு சிரிப்பு, சொன்னதும் அதைப் பத்தி மட்டும்.

ரஷ்யாவின் யார்பஸ் இன்னும் ஒரு படி மேலே. இலியா ரெபின் வரைஞ்ச ஒரு ஓவியத்தைக் காட்டி, கண் எங்கெங்கே ஓடுதுன்னு பதிவு பண்ணார். ஆங்கிலத்தில 1967-லயே புத்தகம் வந்தாச்சு. அதே ஆள், அதே படம். வயசு என்னன்னு கேட்டா கண் முகம் முகமா போகுது, வீட்டில வசதி எப்படின்னு கேட்டா சாமானுக்குத் தாவுது. கும்பிட வந்தவன் கண்ணும் டிக்கெட் வாங்கி வந்தவன் கண்ணும் ஒரே வழியில போகும்னு இதுக்கப்புறமும் நம்பணுமா?

இங்கே வளர்ற நம்ம பசங்களில பல பேர் சோழர் வெண்கலத்தை முதல்ல பார்க்கிறது ஜன்பத் நேஷனல் மியூசியத்தில, துணியில்லாம, ஸ்பாட்லைட்டில. அங்கே போய் எலிக்கதை சொன்னா அதுங்களுக்கு மிஞ்சறது இடுப்பளவுதான். பீடத்தைக் காட்டுங்க. இந்த மாதிரி சிலைகள் பலதிலயும் தண்டு செருக ஓட்டையோ வளையமோ இருக்கும். எத்தனை பேர் தூக்கினாங்க, எந்தத் தெரு வழியா போச்சுன்னு தானா கேப்பாங்க.