முதல் தொலைநோக்கி: விட்டத்தைப் பார்த்து வாங்குக

'675 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் தொலைநோக்கியை வாங்காமல் விடுவதே நல்லது. கருவியின் பலம் அதன் முகப்பு லென்ஸின் அல்லது ஆடியின் விட்டத்தில் இருக்கிறது. விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல் இரண்டு மடங்கு வரைதான் உருவம் தெளிவாகப் பெருகும். 60 மி.மீ. கருவிக்கு 120 மடங்கே எல்லை. அதற்கு மேல் போனால் கலங்கிய திட்டுதான் மிஞ்சும்.

உருப்பெருக்கம், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைப் பொறுத்தது. தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் அது கிடைத்துவிடும். 1200 மி.மீ. குவியத் தூரமுள்ள கருவியில் 25 மி.மீ. ஐபீஸைப் பொருத்தினால் 48 மடங்கு. சனியின் வளையம் தெரிய இதுவே போதும். ஐபீஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், விட்டத்தை மாற்ற முடியாது. 150 மி.மீ. ஆடி, 60 மி.மீ. லென்ஸைப்போல் ஆறு மடங்குக்கு மேல் ஒளி திரட்டும்.

வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது தாங்கியை. மெலிந்த முக்காலியில் நிற்கும் கருவியின் ஃபோகஸ் திருகைத் தொட்டாலே வியாழன் துள்ளும்; ஆட்டம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பூமி சுழல்வதால், 120 மடங்கில் எந்தக் கோளும் இரண்டு நிமிடத்துக்குள் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். ஆடுகிற முக்காலியை வைத்துக்கொண்டு அதைத் துரத்திப் பிடிப்பது பெரும்பாடு. இந்தச் சுழற்சியை ஈடுகட்டும் துருவ அச்சுத் தாங்கியோ துருவ விண்மீனை நோக்கி நிற்க வேண்டியது. சென்னையில் அந்த விண்மீன் அடிவானிலிருந்து 13 பாகை உயரத்தில்தான் இருக்கிறது, கன்னியாகுமரியில் 8 பாகை. வடக்கே ஒரு மாடிவீடு இருந்தால் மறைந்துவிடும்.

இந்தத் தாங்கிச் சிக்கல் எதுவும் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கியில் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபு மடத்துத் துறவியாக இருந்த ஜான் டாப்சன், 1960களில் ஒட்டுப்பலகையும் அட்டைக் குழாயும் கொண்டு பெரிய தொலைநோக்கிகளைச் செய்து, தெருவோரத்தில் வைத்துப் போவோர் வருவோருக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். அவர் பெயரால் வழங்கும் இந்தக் கருவிக்குத் தாங்கி, தரையில் உட்காரும் பெட்டி. கையால் தள்ளினால் திரும்பும், விட்டால் நிற்கும். காசு தாங்கிக்குப் போகாமல் ஆடிக்குப் போகிறது. முதல் கருவிக்கு 150 மி.மீ. டாப்சோனியனே சிறந்த தேர்வு.

அவ்வளவு செலவழிக்க இயலாதவர்களுக்கு 10×50 பைனாகுலர் போதும். கார்த்திகைக் கூட்டமும், கைகளை ஊன்றிக்கொண்டால் வியாழனின் நிலவுகளும் அதிலேயே தெரியும். எந்தக் கருவியானாலும், முகப்பை முழுதாக மூடும் தரமான சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஐபீஸில் திருகும் சிறு வடிகட்டி சூட்டில் விரிசல் விட்டுவிடும், கண் போய்விடும்.