யார் நிறுத்தினது?

மே மாசம் வந்தா பாளையங்கோட்டைச் சுவர் பூராவும் பிள்ளைகளின் சிரிச்ச முகம். 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி'. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பேரெடுத்த ஊர் அல்லவா! அந்த பிளெக்ஸ்களுக்கு அடியில் நடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்விதான்: எத்தனை பேரைக் கழித்துவிட்டு இந்த நூறு?

எங்க அக்கா மகன் 2013இல் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்தான். கல்வி உரிமைச் சட்டம் தந்த 25 சதவீத இடம். அக்கா நடவுக்கும் களையெடுப்புக்கும் போறவ. தாமிரபரணித் தண்ணி பாயுற வயலில் ஒரு செண்டுகூட அவளுக்குச் சொந்தமில்லை. 'எம்பிள்ள இங்கிலீசு படிக்கான்' என்று தெருவே கேட்கச் சொல்லித் திரிந்தாள். 2023இல் எட்டாவது முடிச்சான். ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன்.

'இனிமே கவர்மெண்டு பணம் வராது. முழு பீசு கட்டணும். பையன் கணக்குல ரொம்ப வீக்கு. பத்தாவதுல எங்க ரிசல்ட்டு போயிரும். நீங்களே டி.சி. வாங்கிட்டா நல்லது.'

'ஒரு வருசம் பாருங்க சார், டியூசன் வச்சிருதேன்' என்று அக்கா நின்றபடியே கெஞ்சினாள். உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் தோணவில்லை. டி.சி.யில் காரணம் எழுதியிருந்தது: பெற்றோர் விருப்பம்.

விருப்பமாம்!

அரசுப் பள்ளியில் சேர்த்தோம். ரெண்டு மாசம் போனான். இங்கிலீசில் படிச்ச கணக்கு தமிழில் பிடிபடவில்லை. அதைவிட, 'தள்ளிவிட்ட பய' என்ற பேச்சுதான் அவனைத் தின்றது. இப்போ சென்ட்ரிங் பலகை சுமக்கான். பதிவேட்டில் அவன் அரசுப் பள்ளியிலிருந்து இடைநின்றவன். பத்து வருசம் வச்சிருந்து தள்ளிய பள்ளியின் கணக்கில் ஒரு கறையும் இல்லை. அவர்களுக்கு நூறு சதவீதம். அரசுப் பள்ளிக்குக் கெட்ட பேரு. எங்களுக்குச் சாந்துச்சட்டி.

அப்புறம், 'காலனிப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது' என்று அறிவாளிகள் கட்டுரை எழுதுவார்கள்.

2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயசு, எட்டாம் வகுப்பு: அதோடு அதன் கை ஓய்ந்துவிடுகிறது. அதுவரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது. அரசு கொடுக்கும் கட்டணமும் அதுவரைதான். பொதுத்தேர்வோ பத்தாம் வகுப்பில். இடையில் கிடக்கும் இந்த ஒன்பதாம் வகுப்பு வாசல்தான் சல்லடை. ஏழைப் பிள்ளையைச் சலித்துத் தள்ள இதைவிடத் தோதான இடம் உண்டா?

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவியல்ல என்று கண்டித்தது. சரி. பீசு பாக்கிக்காகப் பிடித்து வைப்பவர்களைக் கோர்ட்டு கேட்டது. கேட்காமலே கையில் திணிப்பவர்களை யார் கேட்பது?

ஒரு பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால் 'ஏன் நின்றான்' என்று கேட்கிற வாய் வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கு முன்பே அவன் பள்ளிக்குப் போகாமல் நின்றிருந்தான். பள்ளியில் விசாரித்த பிறகுதான் சாதிக் கொடுமை வெளியே வந்தது. கேட்காமலே விடப்பட்ட பிள்ளைகள் எத்தனை?

இரக்கம் வேண்டாம். கணக்கு வேண்டும். ஆறாம் வகுப்பில் எத்தனை பேர், பத்தாம் வகுப்பு எழுதியது எத்தனை பேர், இடையில் போனவர்கள் எந்தச் சாதி, எந்தத் தெரு? ஒவ்வொரு தனியார் பள்ளியும் அந்த பிளெக்ஸிலேயே போடட்டும். 25 சதவீத இடம் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீளட்டும்.

'இடைநிற்றல்' என்ற சொல்லை இனி நாம் எழுத வேண்டாம், தோழர்களே. எங்க பயல் நிற்கவில்லை. நிறுத்தினார்கள்.