வாரம் தவறாமல் எழுதினேன், வாசகருக்கு 14,000 ரூபாய் நஷ்டம்

இந்த வாரம் வரி சேமிப்பு டிப்ஸ் எதுவும் இல்லை. பணத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதுறவங்க எப்படி எழுதணும்னு என் கருத்தைச் சொல்லப் போறேன். நீங்களும் உங்க தொழிலைப் பற்றி எழுத நினைக்கிறவரா இருந்தா பயன்படும். வெறும் வாசகர்னா, யாரை நம்பலாம்னு பார்க்க உதவும்.

2026 ஜனவரியில் ஒரு போன் வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர். "தம்பி, உங்க கட்டுரையைப் படிச்சுத்தான் டெட் ஃபண்டில் 12 லட்சம் போட்டேன். வர்ற ஜூன்ல மூணு வருஷம் முடியுது. இண்டெக்ஸேஷன் கணக்கு எப்படிப் போடணும்?" என்றார்.

எனக்குப் பக்கென்றது. அவர் சொன்னது நான் 2021-ல் எழுதியது. மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் பணவீக்கத்தைக் கழித்துவிட்டு 20 சதவீதம் வரி, எஃப்.டி.யை விட லாபம்னு எழுதியிருந்தேன். அன்றைக்கு அது சரி. ஆனால் 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய டெட் ஃபண்டுக்கு அந்தச் சலுகையே கிடையாது. எத்தனை வருடம் வைத்திருந்தாலும் லாபம் உங்க வருமானத்தோடு சேர்ந்து ஸ்லாப்படி வரி. அவர் வாங்கியது 2023 ஜூனில்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. 2024 நவம்பரில் மகள் கல்யாணத்துக்கு அவருக்கு 4 லட்சம் தேவைப்பட்டிருக்கு. ஃபண்டை எடுத்தால் "மூணு வருஷக் கணக்கு" கெட்டுவிடும்னு, மனைவியின் நகையை 10 சதவீத வட்டிக்கு அடகு வைத்திருக்கார். 14 மாதம். வட்டி மட்டும் 46,667 ரூபாய். அதே நேரத்தில் ஃபண்டில் இருந்த 4 லட்சமும் சுமார் 7 சதவீதம் சம்பாதித்தது, அது 32,667. ஆக, நிகர நஷ்டம் 14,000 ரூபாய். ஆடிட்டர் புத்தி, போனில் பேசிக்கொண்டே இதைக் கணக்குப் போட்டுவிட்டேன். ஆனால் கல்யாண வீட்டில் நகை பேங்க் லாக்கரில் அடகாகக் கிடந்ததை எந்தப் பத்தியில் எழுதுவது?

அந்த 2021 வருடம் முழுக்க நான் ஒரு சனிக்கிழமை கூடத் தவறவிட்டதில்லை. ரொம்பப் பெருமையா இருந்தது. இப்போ திரும்பிப் பார்த்தால், புதுசு புதுசா எழுதினேனே தவிர, எழுதியதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பலசரக்குக் கடைக்காரர் புதுச் சரக்கு இறக்கும்போது பழைய சரக்கின் தேதியைப் பார்ப்பார் இல்லையா, அந்த வேலையை நான் செய்யலை.

"தொடர்ந்து எழுதுங்க, தினமும் எழுதுங்க" என்பதுதான் எல்லோரும் சொல்ற அறிவுரை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கதை எழுதுறவங்களுக்கு அது சரியா இருக்கலாம். வரி எழுதுறவனுக்கு இல்லை. இந்தத் துறையில் விதிகள் மாறிக்கிட்டே இருக்கு. 2024 ஜூலை 23 அன்று ஒரே நாளில் பங்குகளின் நீண்டகால லாப வரி 10-லிருந்து 12.5 சதவீதமாச்சு, வரியில்லா வரம்பு 1 லட்சத்திலிருந்து 1.25 லட்சமாச்சு. அன்று காலை வரை நான் எழுதியிருந்த உதாரணக் கணக்குகள் அத்தனையும் மாலையில் பழசு. 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டமே வருது. பிரிவு எண்கள் மாறுது, 'மதிப்பீட்டு ஆண்டு' போய் 'வரி ஆண்டு' வருது. 80சி என்று எழுதிய கட்டுரைகள் என்னிடமே எத்தனை இருக்குன்னு எண்ணப் பயமா இருக்கு.

வீடியோவில் இதைச் செய்யவும் முடியாது. ஒரு தடவை ஏத்தின வீடியோவுக்குள்ளே புது எண்ணைச் சொருக முடியாது. எழுத்தைத் திருத்தலாம். அதனால்தான் வீடியோவில் விஷயத்தைப் புரிய வைக்கிறேன், சதவீதங்களை இங்கே எழுதுறேன்.

அப்போ என்னதான் எழுதுறது? தலைப்புக்காக நான் மண்டையைக் குடைஞ்சதே இல்லை. ஆபீசில் ஒரு நீளமான நோட்டு இருக்கு. ஒரே கேள்வியை மூணு பேர் கேட்டுட்டா அது கட்டுரை. உதாரணத்துக்கு, "பேங்கில் டி.டி.எஸ். பிடிச்சாச்சே, எஃப்.டி. வட்டிக்கு மறுபடி எதுக்கு வரி?" 30 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு 2 லட்சம் வட்டி வந்தால் பேங்க் பிடிப்பது 10 சதவீதம், அதாவது 20,000. செஸ் சேர்த்து உண்மையான வரி 62,400. மிச்சம் 42,400 அவர்தான் கட்டணும். இதை 'டி.டி.எஸ். என்றால் என்ன?' என்று தலைப்புப் போட்டு, 1961-ம் வருடச் சட்டத்திலிருந்து ஆரம்பித்தால் யாருக்கும் உபயோகமில்லை. படித்து முடித்தவர் தன் பாஸ்புக்கை எடுத்து ஒரு கூட்டல் போட்டுப் பார்க்கணும். அதைச் செய்ய வைக்காத கட்டுரையை நான் இப்போ வெளியிடுறதில்லை, எவ்வளவு அழகா வந்திருந்தாலும்.

ஜூலையிலிருந்து அக்டோபர் வரை ரிட்டர்ன், ஆடிட் என்று எங்க ஆபீசில் மூச்சு விட நேரமிருக்காது. அந்த நாலு மாதமும் வாரம் ஒன்று என்பது பொய் வாக்குறுதி. மாதத்துக்கு ஒன்றுதான் வரும்னு முன்னாடியே சொல்லிடறேன். அரைத் தூக்கத்தில் எழுதிய வரிக் கணக்கைப் படிக்கிறதை விட நீங்க எதையும் படிக்காமல் இருப்பது மேல். (எங்க தொழிலில் விளம்பரம் செய்து வாடிக்கையாளர் பிடிக்கக் கூடாது என்பது 1949-லேயே எழுதின சட்டம். அதனால் எண்ணிக்கை குறைஞ்சா எனக்கு ஒண்ணும் ஓடிப்போகாது.)

அந்தப் போனுக்குப் பிறகு முறையை மாத்திட்டேன். நாலு சனிக்கிழமையில் மூணுதான் புதுசுக்கு. நாலாவது, பழசைத் திருத்த. ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் எழுதிய தேதியோடு கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்கும். விதி மாறியிருந்தால் பழைய வரியை அழிக்க மாட்டேன், அடித்துவிட்டுப் பக்கத்தில் புதுசை எழுதுவேன். ஏன்னா 2023 ஏப்ரலுக்கு முன்னால் வாங்கினவருக்கு எது பொருந்தும், பிறகு வாங்கினவருக்கு எது என்று இரண்டுமே தெரியணும்.

இந்த நாலாவது சனிக்கிழமைக்குப் பார்வைகள் வராது. புதுக் கட்டுரை இல்லையேன்னு சிலர் திட்டுவாங்க. திட்டட்டும்.

ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க தேதி போட்டிருந்தீங்க தம்பி, நான்தான் பார்க்கலை" என்றார். போட்டிருந்தேன்தான், கடைசியில், பொடி எழுத்தில். அந்த வாரமே ஃபண்டிலிருந்து தேவையான அளவு விற்று நகையை மீட்டுட்டார். லாபத்துக்கு ஸ்லாப் வரி எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுக் கொடுத்தேன், ஃபீஸ் வாங்கலை.

அந்த 2021 கட்டுரையின் தலையில் இப்போ சிவப்பு எழுத்தில் இரண்டு வரி இருக்கு. இன்னும் 60-க்கு மேல் பழைய கட்டுரைகள் பாக்கி. உங்க கண்ணில் ஏதாவது தப்பு பட்டால், கட்டுரையின் பெயரோடு எனக்கு எழுதுங்க. வர்ற நாலாவது சனிக்கிழமை முதலில் அதைத்தான் எடுப்பேன்.