பூவை எழுதுபவர்கள் தண்ணீர் ஊற்றியவரையும் எழுதலாமே!

"எழுதணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா எதைப் பத்தி எழுதுறது?"

கல்லூரி கேன்டீனில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. அரசியல் எழுத ஒருவருக்குப் பயம். சினிமா விமர்சனம் எழுத ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காதல் கவிதை எழுதினால் கூட இருப்பவர்களே ஓட்டித் தள்ளிவிடுவார்கள். "அப்போ வீட்டைப் பத்தி எழுதேன். உங்கம்மா வெச்சிருக்கிற மல்லிச் செடியைப் பத்தி எழுது" என்று யாராவது சொன்னால் போதும், உடனே ஒரு சிரிப்பு. "வீட்டைப் பத்தியா? அதுல எழுத என்ன இருக்கு? சமையல், கோலம், பூவு... அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்டா!"

அந்தச் சிரிப்பில்தான் கோளாறு இருக்கிறது. வீட்டைப் பற்றி எழுதுவது சின்ன வேலை என்பது சுத்தப் பொய். அதே சமயம், வீட்டைப் பற்றி எழுதுபவர்களில் பலர் அதைச் சின்ன வேலையாக ஆக்கிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பேசிவிடுவது நல்லது.

இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம்

பூவையும் வீட்டையும் சேர்த்து எழுதுவது தமிழுக்குப் புதிதே இல்லை. சங்க இலக்கியத்தில் திணைகளுக்குப் பெயர் வைத்ததே பூக்களை வைத்துத்தான். மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை, வயலுக்கு மருதம், கடற்கரைக்கு நெய்தல். பள்ளியில் மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, அன்று மாலையே மறந்துபோன பட்டியல்!

அந்தப் பட்டியலில் முல்லைக்கு உரிய பொருள் என்னவென்று ஞாபகம் இருக்கிறதா? 'இருத்தல்'. பிரிந்து போன தலைவன் திரும்பி வரும்வரை தலைவி வீட்டில் ஆற்றியிருப்பது. அதற்கான பெரும்பொழுது கார்காலம், சிறுபொழுது மாலை. முல்லை மொட்டு அவிழ்வதும் மாலையில்தான். வீட்டில் ஒருத்தி காத்திருப்பதை ஒரு பெரிய விஷயமாக மதித்து, அதற்கென்று ஒரு பூவையும் ஒரு நேரத்தையும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். போருக்குப் போனவனுக்குத் திணை இருந்தது போலவே வீட்டில் இருந்தவளுக்கும் ஒரு திணை இருந்தது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகப் பெயர் சொல்லி அடுக்குகிறார். இன்றைக்கு ஒரு மாணவரை நிறுத்தி, "பத்துப் பூவோட பேர் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். ரோஜா, மல்லி, சாமந்தி, செம்பருத்தி... ஐந்தாவது பூவுக்கே கூகுளைத் தேடுவார்!

தோட்டம் என்ற கடிகாரம்

தோட்டம் என்றதும் ஏக்கர் கணக்கில் நினைக்க வேண்டியதில்லை. கிணற்றடியில் நாலு செடி, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கொடி, மொட்டை மாடியில் பழைய பெயின்ட் டப்பாவில் ஒரு ரோஜா. அவ்வளவுதான் பல வீடுகளின் தோட்டம். எழுத வருகிறவனுக்கு அதுவே தாராளம்.

பவழமல்லியைப் பாருங்கள். இருட்டும் நேரத்தில் விரியும். விடிவதற்குள் ஆரஞ்சுக் காம்போடு தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்பார்கள். பவழமல்லிக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. செம்பருத்தியின் ஆயுசு பெரும்பாலும் ஒரே நாள்தான். அந்திமந்தாரை பகலெல்லாம் சுருண்டு கிடந்து, சாயங்காலம் நாலு மணி வாக்கில் விரியும். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே 'நாலு மணி'தான். கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது, ஆனால் லேசில் வாடாது. ஆக, எந்தப் பூ எப்போது விரிகிறது என்று தெரிந்தவருக்கு அந்த வீட்டின் பொழுதும் தெரியும். யார் முதலில் எழுந்திருக்கிறார்கள், யார் கடைசியில் படுக்கிறார்கள் என்பதெல்லாம் பவழமல்லி மரத்தடியில் நின்றாலே தெரிந்துவிடும்.

சுவரோரம் யாரும் கவனிக்காமல் வளர்ந்து கிடக்கும் நித்தியகல்யாணி இன்னொரு உதாரணம். மடகாஸ்கர் தீவிலிருந்து உலகமெல்லாம் பரவிய செடி. நம் ஊரில் அதற்குச் 'சுடுகாட்டு மல்லி' என்றும் ஒரு பெயர் உண்டு. அதனால் பல வீடுகளில் அதைப் பூஜைக்குப் பறிக்க மாட்டார்கள். ஆனால் 1950களில் கனடாவில், சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா என்று அந்தச் செடியின் இலையை ஆராயப் போய், கடைசியில் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்தது. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் அந்தச் செடியிலிருந்து வந்தவை. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் வின்கிரிஸ்டின் கொடுக்கிறார்கள். "இதுல என்ன இருக்கு?" என்று ஒதுக்கப்பட்ட ஒரு செடியில் அவ்வளவு இருந்திருக்கிறது!

எழுத்துக்கு உத்வேகம் என்பது வானத்திலிருந்து விழும் என்று பலர் காத்திருக்கிறார்கள். பவழமல்லிதான் விழும். அதுவும் விடியற்காலையில் குனிந்து பொறுக்குகிறவருக்குத்தான்.

ஒரு கேக் குறிப்பின் பின்பக்கம்

வீட்டுக்குள்ளேயே இருந்தால் பெரிதாக என்ன எழுதிவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு எமிலி டிக்கின்சன் ஒரு நல்ல பதில். 1830இல் அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே செடி, பூக்களைப் பறித்து, உலர்த்தி, ஒரு நோட்டில் ஒட்டிப் பெயர் எழுதி வைத்தார். 424 மாதிரிகள் கொண்ட அந்தத் தொகுப்பு இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1855இல் அவருடைய அப்பா வீட்டோடு ஒட்டி ஒரு கண்ணாடி அறை கட்டிக் கொடுத்தார். வெளியே பனி கொட்டும்போதும் உள்ளே அவர் பூச்செடி வளர்த்தார். 1856இல் ஊர்க் கண்காட்சியில் அவர் சுட்ட ரொட்டிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. தேங்காய் கேக் செய்முறை எழுதிய தாளின் பின்பக்கத்தில் ஒரு கவிதையை எழுதியிருக்கிறார்.

பிற்காலத்தில் வீட்டை விட்டு வெளியே வருவதையே அவர் நிறுத்திவிட்டார். 1886இல் இறந்தபோது அக்கம்பக்கத்தாருக்கு அவரைப் பூச்செடி வளர்ப்பவராகத்தான் அதிகம் தெரியும். அதுவரை அச்சில் வந்தவை பத்துக் கவிதைகள் மாதிரிதான். அதன் பிறகு வெளிச்சத்துக்கு வந்தவற்றையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 1,800 கவிதைகள்!

இந்தக் கதையை இதோடு முடித்துவிட்டால் அது ஒரு அழகான கதை. ஆனால் அந்த வீட்டில் மார்கரெட் மாஹர் என்று இன்னொரு பெண்ணும் இருந்தார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து, வீட்டு வேலைக்குச் சேர்ந்தவர். அவர் துணி வெளுத்ததால்தான், தரை துடைத்ததால்தான் டிக்கின்சனுக்கு எழுத நேரம் கிடைத்தது. கவிதைகளில் ஒரு பகுதியைப் பத்திரமாக வைத்திருந்ததும் மாஹரின் டிரங்குப் பெட்டிதான் என்கிறார்கள். கவிதையும் பூவும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெட்டியைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

வீட்டைப் பற்றிய எழுத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்தப் பெட்டிதான்.

பேரேட்டில் ஏறாத வேலை

வணிகவியல் படிப்பவர்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லித் தரும் பாடம், பணத்தால் அளக்க முடியாதது கணக்கில் ஏறாது என்பது. நாட்டு வருமானக் கணக்கிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஹோட்டலில் நாலு இட்லி சாப்பிட்டால் அது நாட்டின் உற்பத்தியில் சேரும். அம்மா சுட்ட நாலு இட்லி சேராது. 1920இலேயே பிகூ என்ற பொருளாதார நிபுணர் இந்த வேடிக்கையைச் சுட்டிக்காட்டினார். ஒருவர் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்றார். வேலை அதேதான், சம்பளம் மட்டும் நின்றுவிட்டது! 1934இல் சைமன் குஸ்னெட்ஸ் அமெரிக்காவின் வருமானத்தைக் கணக்கிட்டபோதும் இல்லத்தரசிகளின் வேலையை அதில் சேர்க்கவில்லை.

இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில், 2019இல் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் அது 289, 88 என்று ஆனது. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம். சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், ஆண்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

அரசாங்கப் பேரேட்டில் ஏறாத இந்த வேலை எங்கேதான் பதிவாகும்? எழுத்தில் பதிவானால்தான் உண்டு. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988இல் புத்தகமாக வந்தது. ஒரு சமையலறை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதை வைத்தே ஒரு குடும்பத்தின் அதிகாரத்தை எல்லாம் சொல்லிவிட முடியும் என்று காட்டிய கதை அது. அதைப் படித்தவர்கள் யாரும் "சமையலறையில எழுத என்ன இருக்கு?" என்று கேட்க மாட்டார்கள்.

எங்கே தவறுகிறது?

சரி, குறைக்கு வருவோம். வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதுபவர்களில் பலர் என்ன எழுதுகிறார்கள்? "மலரே, நீ மென்மை. நீ சிரிக்கிறாய். உன்னைப் போலவே என் அம்மாவும்." இதை எழுத ஒரு செடியைக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பூவைப் பார்த்தும் எழுதலாம்.

நிஜ மல்லிச் செடிக்கு ஒரு வருஷ வேலை இருக்கிறது. நவம்பர் கடைசியில் தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்ய வேண்டும். மொட்டையடித்த மாதிரி நிற்கும் செடியைப் பார்த்தால் பாவமாகக்கூட இருக்கும். பிறகு எரு, தண்ணீர், பூச்சி பார்ப்பது. அதற்கப்புறம்தான் மார்ச், ஏப்ரலில் மொட்டு. அந்த மொட்டையும் அவிழ்வதற்கு முன்பே பறித்தாக வேண்டும். பறித்ததைத் தொடுக்க வேண்டும். தொடுத்த சரத்தின் வாசனையை மட்டும் எழுதிவிட்டு, அது வரைக்கும் நடந்ததை எல்லாம் விட்டுவிட்டால் அது பாதிக் கணக்கு. வரவு மட்டும் எழுதி, செலவை மறைத்த கணக்கு!

அதே செடியை இப்படியும் எழுதலாம். காலையில் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, சாமிக்கு ரெண்டு செம்பருத்தி பறிச்சுக்கட்டுமா?" என்று கேட்கிறாள். "பறிச்சுக்கோம்மா, மொட்டை மட்டும் விட்டுடு" என்று அடுப்படியிலிருந்து பதில் வருகிறது. இந்த இரண்டு வரியில் ஒரு பூ இருக்கிறது, ஒரு தெரு இருக்கிறது, நாளைய பூவைப் பற்றிய யோசனை இருக்கிறது. அலங்காரம் எதுவும் தேவைப்படவில்லை.

"வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லலாமா?"

இது நியாயமான கேள்வி. வீட்டைப் பற்றி எழுதும்போது வீட்டில் உள்ளவர்களும் எழுத்துக்குள் வந்துவிடுகிறார்கள். எழுதுகிறவருக்கு அது ஒரு கட்டுரை. எழுதப்பட்டவருக்கு அது சொந்த வாழ்க்கை. அப்பாவின் கடனையும் அக்காவின் கண்ணீரையும் நாலு பேர் படிக்க விரித்துப் போடுவது தைரியம் ஆகாது. எழுதியதை முதலில் சம்பந்தப்பட்டவருக்குப் படித்துக் காட்டுவதுதான் மரியாதை. "இது வேணாம்பா" என்று அவர் சொன்னால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

ஆனால் இந்தக் காரணத்தையே சாக்காக வைத்து எல்லாவற்றையும் மூடி மறைத்தால், வீட்டு வேலை மறுபடியும் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். ரகசியம் வேறு, உழைப்பு வேறு. முதலாவதைக் காப்பாற்ற வேண்டும். இரண்டாவதைச் சொல்லியே தீர வேண்டும்.

கடைசியாக ஒன்று. எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள், வாங்கிய நோட்டைத் திறப்பதற்கு முன்னால் வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். "அம்மா, இந்த மல்லிச் செடி எப்போ வெச்சது? யார் கொடுத்த பதியன்?" பதில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வரும். எந்த ஊர், எந்த வருஷம், யார் உயிரோடு இருந்தார்கள், எந்த வீடு மாறும்போது தொட்டியோடு தூக்கி வந்தது என்று எல்லாம் வரும்.

கேட்டு முடித்ததும் அந்த அரை மணி நேரத்தை எழுதலாம். அதற்கு முன் செடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வரட்டும். 289 நிமிடத்தில் ஐந்து நிமிடமாவது குறையும் அல்லவா?