வவுச்சர் இல்லாத வாத்தியார்

'வெள்ளைக்காரன் நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்தைச் சுட்டுக்கொண்டு போனான்' என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். சுடவில்லை சார், எழுதி வைத்தான்!

ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் பள்ளிக்குத் தலைவரானார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து அசந்துபோனார். தன் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னால், உதவி ஆசிரியர் முரண்டு பிடித்தார். விடவில்லை. எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனைச் சட்டாம்பிள்ளையாக்கி வகுப்பைக் கொடுத்தார். 1797-ல் லண்டனில் புத்தகம் போட்டார். மணலை எங்கே பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அந்த முறைக்குப் பெயரே 'மெட்ராஸ் முறை'!

சட்டாம்பிள்ளை பெயர் இருக்கிறது. நம் திண்ணை வாத்தியார் பெயர்? யாரும் எழுதவில்லை. எந்தெந்தச் சாதிப் பிள்ளைகளைத் திண்ணை ஏறவிடவில்லை என்பதோ, மேடைப் பேச்சில் மருந்துக்கும் வராது.

பி.காம். படித்தவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வவுச்சர் இல்லாத வரவு செல்லாது. நீங்கள் மாம்பலமோ, கம்பம் பள்ளத்தாக்கின் மார்க்கையன்கோட்டையோ... ஊர்ப் பள்ளியின் பழைய ஆசிரியர் வருகைப் பதிவேடு எடைக்குப் போகுமுன் ஒருமுறை புரட்டுங்கள். உங்கள் தாத்தாவுக்கு 'அ' போடக் கற்றுக்கொடுத்தவரின் கையெழுத்து அதில் இருக்கலாம். முதலில் அந்தப் பெயரை எழுதிவையுங்கள். பெருமையை அப்புறம் பேசிக்கொள்வோம்.