மதிப்பெண் இல்லாத மடல்

பத்தாம் வகுப்புப் பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ‘மரம் இயற்கையின் வரம்’ என்று கட்டுரை எழுதி மாநில அளவில் முதல் பரிசு வாங்கிய தோழனுக்கு வாழ்த்து மடல் எழுதச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடும். உணவு விடுதியில் சாப்பாடு தரமாக இல்லை, விலையும் கூடுதல் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீடு எழுதவும் தெரியும். உறைமேல் முகவரி எழுத மறந்தால் மதிப்பெண் போய்விடும் என்பது இன்னும் நன்றாகத் தெரியும். அந்தத் தோழன் யார், அந்த விடுதி எந்தத் தெருவில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் எழுதப்படும் இந்தக் கடிதங்களில் ஒன்றுகூடத் தபால் பெட்டியைப் பார்ப்பதில்லை.

அதே பாடநூலில் ‘நூல்வெளி’ என்று ஒரு சிறு பெட்டி வருகிறது. எழுத்தாளர் பிறந்த ஊர், எழுதிய நூல்கள், பெற்ற விருதுகள். ஒரு மதிப்பெண் கேள்விக்காக அதையும் பிள்ளைகள் உருப்போட்டுவிடுகிறார்கள். அங்கே பெயர் இருக்கிறவர்களில் சிலர் இன்றும் நம்மோடு இருப்பவர்கள். பேருந்தில் போகிறவர்கள், புத்தகக் காட்சிக்கு வருகிறவர்கள். அவர்களுக்கு ஒரு வரி எழுதலாமே என்று எந்தப் பயிற்சி வினாவும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் நாடாளுமன்ற நூலகம் இதற்கென்றே ஒரு போட்டியைப் பல ஆண்டுகள் நடத்தியது. நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள், தங்களை மாற்றிய ஒரு நூலின் ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும். அவர் காலமாகிவிட்டவராக இருந்தாலும் சரி. கதைச் சுருக்கம் வேண்டாம், அந்தப் புத்தகம் உன்னை என்ன செய்தது என்று சொல் என்பதே அங்கே கேள்வி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பரிசு என்று வந்துவிட்டால் பெரியவர்களின் கையும் பேனாவுக்குள் வந்துவிடும் என்ற சந்தேகம் நமக்கு உண்டு.

வகுப்பறைக் கட்டாயத்தால் எழுதப்படும் கடிதம் எப்படி இருக்கும் என்பதைக் குழந்தை எழுத்தாளர் பெவர்லி கிளியரி ஒரு நாவலாகவே எழுதியிருக்கிறார். பெற்றோர் பிரிந்துவிட்ட பையனைப் பற்றி ஒரு கதை எழுதுங்கள் என்று வெவ்வேறு ஊர்ச் சிறுவர்கள் இருவர் அவரைக் கேட்டிருந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1983இல் வெளியான ‘டியர் மிஸ்டர் ஹென்ஷா’. அதில் வரும் சிறுவன், டீச்சர் சொன்னார் என்பதற்காக எழுத்தாளருக்கு ஒரு கேள்விப் பட்டியலை அனுப்புகிறான். எழுத்தாளர் விளையாட்டாகப் பதில் போட்டுவிட்டு, தானும் ஒரு பட்டியலை அனுப்பிவைக்கிறார். நீ யார், எப்படி இருப்பாய், எது உன்னைத் தொந்தரவு செய்கிறது? பையனுக்குக் கோபம் வருகிறது. அம்மா விடாமல் சொல்ல, வேண்டாவெறுப்பாகப் பதில் எழுதத் தொடங்குகிறான். எழுத எழுத, வீட்டில் இல்லாத அப்பாவைப் பற்றி யாரிடமும் சொல்லாததெல்லாம் தாளில் வந்து விழுகிறது. எழுத்தாளருக்குக் கடிதம் எழுதுவதன் முழுப் பயனும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. முகவரி என்னவோ அவருடையது, விஷயம் எழுதுகிறவருடையது.

2006இல் நியூயார்க்கில் ஒரு பள்ளி மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த எழுத்தாளர்களைப் பள்ளிக்கு அழைத்துக் கடிதம் எழுதினார்கள். பதில் போட்டவர் கர்ட் வானகட் ஒருவர்தான். வயதாகிவிட்டது, வெளியே வருவதில்லை என்று நகைச்சுவையாகச் சொல்லிவிட்டு, ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தார். ஆறு வரிக் கவிதை எழுதுங்கள், எவ்வளவு நன்றாக முடியுமோ அவ்வளவு நன்றாக. யாரிடமும் காட்டாமல் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். சில மாதங்களில் அவர் காலமானார். வர முடியாது என்று இதைவிட அழகாக யாராலும் சொல்ல முடியுமா?

தமிழ் வாசகர்களும் எழுத்தாளர்களை அப்படி எட்ட நிறுத்தியவர்கள் அல்லர். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்த வீடுகள் எத்தனையோ. தனக்கு எழுதிய இளைஞர்களுக்கெல்லாம் அலுக்காமல் பதில் எழுதியவர் வல்லிக்கண்ணன். அவர் கையெழுத்தில் வந்த ஒரு கார்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் எழுத்தாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்போது இன்ஸ்டாகிராமில் ‘சூப்பர் சார்’ என்று போட்டு ஒரு இதயத்தையும் தட்டிவிட்டால் வேலை முடிந்துவிடுகிறது. அதைக் குறை சொல்லவில்லை; ஆனால் எது சூப்பர், ஏன் சூப்பர் என்று யோசிக்க அங்கே இடம் இல்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுத்தாளருக்குக் கடிதம் எழுதுவதைச் சுற்றறிக்கை ஆக்கிவிடாதீர்கள். நாற்பது பேரும் ஒரே கடிதத்தைக் கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதினால், வாழ்த்து மடல் பெற்ற அந்தத் தோழனின் கதிதான் எழுத்தாளருக்கும். விருப்பமுள்ள பிள்ளை எழுதட்டும். எழுத்துப்பிழையோடு எழுதட்டும். ‘உங்கள் கதையின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதினாலும் திருத்தாமல் அனுப்புங்கள். எழுத்தாளர்களுக்குப் புகழ்ச்சி நிறையக் கிடைக்கிறது, இது கிடைப்பதில்லை.

உதயசங்கர், யூமா வாசுகி, விஷ்ணுபுரம் சரவணன் என்று சிறாருக்காக எழுதி சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டு முகவரியைத் தேடி அலைய வேண்டாம். புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே பதிப்பகத்தின் முகவரி இருக்கும். எழுத்தாளர் பெயரைப் போட்டு ‘மேற்பார்வை’ என்று பதிப்பகத்தின் பெயரை எழுதினால் போதும். அஞ்சலட்டை 50 காசு. பதிப்பாளர்கள் அந்தக் கார்டுகளை மேசை இழுப்பறையில் போட்டு வைக்காமல், ராயல்டி கணக்கோடாவது எழுத்தாளருக்கு அனுப்பிவைக்க வேண்டும்.